ஜெபச் சங்கிலியில் போன ஊர்ப்பெயர்

ஆண்டவர் பேரில் இங்கே கூடியிருக்கிற உங்கள் எல்லாருக்கும் வணக்கம். மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். வில்லியனூர் பக்கம் வீடு. லைனில் நின்று பேசினால் சூப்பர்வைசர் முறைப்பார், அதனால் வீட்டுக்கு வந்துதான் எல்லாப் பேச்சையும் என் தலையில் கொட்டுகிறாள் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். இன்றைக்கு உங்கள் தலையில் கொட்டப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு ஜெப விண்ணப்பம். அதை அனுப்பியவள் என் உயிர்ச் சிநேகிதி. இப்படி ஆரம்பிக்கிற சாட்சியை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் கேட்டதில்லை. ஆனால் நடந்தது இதுதான். அதை மூடி மறைத்து இனிப்பாகச் சொன்னால், ஆண்டவர் செய்ததையும் பாதி மறைத்த மாதிரி ஆகிவிடும்.

எனக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவோம். நாலு பேரிடம் விசாரித்துத்தான் கடலூர் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை பூசை தவறமாட்டார், கோவில் பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசிப்பார். வேறென்ன பார்க்கத் தோன்றும், சொல்லுங்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே கை நீட்ட ஆரம்பித்திருக்கிறார். பாப்பா எங்களிடம் மூச்சு விடவில்லை. குழந்தை பிறந்து சில மாதம் கழித்து, ஒரு காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். ஒரு கண் திறக்கவே முடியாமல் வீங்கியிருந்தது.

"இன்னாடி ஆச்சு?" என்றேன்.

"கதவுல இடிச்சிகினேம்மா."

எந்தக் கதவுக்கு ஐந்து விரல் இருக்கிறது? கன்னத்தில் அச்சு அப்படியே தெரிந்தது. நான் கேட்கக் கேட்க அவள் குழந்தைக்குப் பால் கொடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். மாப்பிள்ளை பைபிள்மேல் கை வைத்து, இனித் தொடமாட்டேன் என்றார். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று பாப்பாவிடம் சொன்னார்கள். போனாள். அடுத்த தடவை வந்தபோது கையில் மாவுக்கட்டு. அதற்குமேல் யார் பேச்சையும் நாங்கள் கேட்கவில்லை. மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தோம். விசாரணைக்குக் கூப்பிடும்வரைக்கும் அவளை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. அவர் குடித்துவிட்டு வந்து தெருவில் நின்று, "எம் புள்ளய குடு, இல்லன்னா வூட்டக் கொளுத்திடுவேன்" என்று கத்துவார். அதனால், மாப்பிள்ளை ஒரு தடவைகூட வந்திராத வீடு என்று, பூரணாங்குப்பத்தில் என் தங்கை செல்வி வீட்டில் கொண்டுபோய் விட்டோம். கேட்டவர்களிடம் எல்லாம், சென்னையில் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னோம். உண்மை தெரிந்தவர்கள் நாங்கள், செல்வி, செல்வி வீட்டுக்காரர், அவ்வளவுதான்.

அந்த நாட்களில் எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் மாவுக்கட்டுதான் கண்ணில் நிற்கும். ஜெபமாலை கையில் இருக்கும், வாய் பாட்டுக்கு ஓடும், மனசு மாப்பிள்ளையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்து, டேப் கத்தியைக் கீழே போட்டுவிடுவேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது. நிம்மதி வரவில்லை.

அப்போதுதான் என் சிநேகிதி என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் நிஜப் பெயர் வேண்டாம், ரோஸி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் வாக்கப்பட்டவர்கள் நாங்கள். என் பிரசவத்துக்கு அவள் வந்தாள், அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் நான் இருந்தேன். "தனியா ஒக்காந்து அழுதுகினே இருந்தா ஆண்டவரு வந்து கண்ணத் தொடப்பாருன்னு நெனச்சிகினியா? கௌம்புடி" என்று சொல்லி, பாகூர் பக்கத்தில் ஒரு தியான இல்லத்துக்கு அழைத்துப்போனாள். மௌன தியானம். கிறிஸ்மஸுக்குச் சில மாதம் முன்னால் என்று நினைவு.

நான் கேள்விப்பட்ட தியானம் எல்லாம் மைக், பிரசங்கம், கைதட்டல், அழுகை. இங்கே அப்படி எதுவும் இல்லை. உள்ளே போகும்போதே வாசலில் ஒரு துணிப்பையில் போனைப் போட்டுவிட வேண்டும். அப்புறம் ஒருத்தரும் ஒருத்தரோடும் பேசக் கூடாது. நடத்துகிற சிஸ்டர் ஒரு சின்ன மணியைத் தட்டுவார். உட்காருவோம். மூச்சை இழுக்கும்போது 'இயேசுவே', விடும்போது 'இரங்கும்'. அவ்வளவுதான். இதற்கா பஸ் ஏறி வந்தோம் என்று முதல் நாள் எனக்குக் கோபம்கூட வந்தது. சாப்பாட்டுப் பந்தியிலும் பேச்சு இல்லை. மோர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்ட வேண்டும். என் எதிரில் இருந்த அம்மா அப்பளம் கடித்த சத்தத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். ரோஸியும் குலுங்கினாள். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

இரண்டாம் நாள் எனக்கு ஒன்று புரிந்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவேன், அடுப்பில் என்னவோ இருக்கும். இங்கே எழுந்திருக்க முடியாது. வெட்கம் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. எனக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி, பக்கத்தில் ஒருத்தி, எல்லாருக்கும் முட்டி வலிக்கிறது, எல்லார் மனசும் எங்கெங்கோ ஓடித் திரும்பி வருகிறது. யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள், யாரோ குறட்டை விடுகிறார்கள், அப்படியும் யாரும் எழுந்து போகவில்லை. அவர்கள் மூச்சு விடுகிற சத்தம் என்னையும் பிடித்து உட்கார வைத்தது. என்னால் தூக்க முடியாத ஜெபத்தை அந்த மண்டபமே ஒரு கை போட்டுத் தூக்கியது. அன்று சாயங்காலம் நெஞ்சு படபடப்பு இல்லாமல் நான் ஒரு டம்ளர் டீ குடித்தேன். அதையே புதுமையாக நினைத்து நன்றி சொன்னேன்.

அதற்கப்புறம் விடவில்லை. எங்கள் பக்கத்தில் சனிக்கிழமைதோறும் யாராவது ஒருத்தர் வீட்டில் இதே மாதிரி உட்காருகிற குழு ஒன்று இருந்தது. ஷிப்ட் இல்லாத சனிக்கிழமை எல்லாம் போனேன். இடையில் சில தடவை தியான இல்லத்திலும் கூடினோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாளில் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, தன் மனசில் இருப்பதை அந்த ஒருத்தரிடம் மட்டும் சொல்லி, சேர்ந்து ஜெபிக்க வேண்டும். ஜோடி ஜெபம் என்போம். ஜோடியிடம் சொன்னது ஜோடியோடு போகணும் என்பது அங்கே சட்டம். சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் சொல்லுவார்.

அடுத்து வந்த தவக்காலத்துத் தியானத்தில் எனக்கு ஜோடி ரோஸி. அவள் கையைப் பிடித்ததும் அத்தனை நாளாக அடக்கி வைத்தது உடைந்துவிட்டது.

"பாப்பா சென்னையில இல்லடி. பூரணாங்குப்பத்துல, செல்வி வூட்டுல இருக்கா. அவன் கையில கெடச்சா கொன்னுபுடுவான். உங்கிட்டதான் சொல்றேன். உம் புருஷங்கிட்டகூடச் சொல்லாத."

"எம் பிள்ளை மாதிரிடி அவ. நான் சொல்வேனா?" என்று ரோஸி என்னைவிட அதிகமாக அழுதாள். என் கண்ணீரை அவள் முந்தானையில்தான் துடைத்தாள். அன்றைக்கு அவள் மனசில் பொய் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அவள் கெட்டவள் என்றால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ரோஸிக்கு ஒரு பொறுப்பு உண்டு. போனில் ஜெபச் சங்கிலி என்று ஒரு குழு. யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் அவள் குரலில் பதிந்து அனுப்புவாள். உருக்கமாகப் பேசுவாள், கேட்கிறவர்கள் அழுதுவிடுவார்கள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த குழுக்களுக்கு அதைத் தள்ளிவிடுவார்கள். எத்தனை பேர் ஜெபிக்கிறார்களோ அத்தனைக்கு நல்லது என்பது அவளுடைய நம்பிக்கை.

தியானம் முடிந்து வந்த வாரம், வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு முன்னால் அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் இப்படிச் சொன்னாள். கணவனின் கொடுமைக்குப் பயந்து, பச்சைக் குழந்தையோடு, பூரணாங்குப்பத்தில் சித்தி வீட்டில் ஒளிந்திருக்கிற ஒரு மகளுக்காகவும், அவளைப் பெற்ற தாயின் கண்ணீருக்காகவும் மன்றாடுவோம்.

பேர் சொல்லவில்லை. ஊரைச் சொல்லிவிட்டாள். சித்தி வீடு என்று கதவையும் காட்டிவிட்டாள்.

நான் வெள்ளிக்கிழமை செகண்ட் ஷிப்டில் இருந்தேன், போனைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலையில் ஓவர்டைம். டீ இடைவேளையில் கேண்டீனில் உட்கார்ந்து காதில் வைத்துக் கேட்டேன். முதலில், ஐயோ பாவம், நம்ம கதை மாதிரியே இன்னொரு வீட்டிலும் இருக்கிறதே என்று நினைத்தேன். நிஜமாகத்தான் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். பூரணாங்குப்பம் என்று காதில் விழுந்ததும் கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்து புடவையில் கொட்டியது. சுட்டதுகூடத் தெரியவில்லை.

உடனே போன் வந்தது. செல்வி.

"யக்கா, மாமாவ கூட்டிகினு வாக்கா. மாப்ள வந்துகிறாரு. கூட ரெண்டு பேரு. முக்குக் கடையில நின்னு, கைக்குழந்தையோட புதுசா ஒரு பொண்ணு வந்துகீதே, எந்த வூடுன்னு கேக்குறாரு. நான் கதவச் சாத்திகினேன். எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போயிருக்காருக்கா."

அப்புறம் லைன் அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

அந்த மெசேஜ் எப்படிப் போனது என்று பிறகு தெரிந்தது. ரோஸியின் குழுவிலிருந்து ஒருத்தி வேறொரு குழுவுக்கு அனுப்ப, அங்கே இருந்த மாப்பிள்ளையின் அத்தை காதில் அது விழுந்திருக்கிறது. அந்த அம்மாவும் ஜெபம் பண்ணுகிறவர்தான். நம்ம பையனோட பொண்டாட்டிதானே, நல்லபடியாகப் பேசிக் கூட்டிக்கொண்டு வரட்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். நடுவில் எல்லாரும் நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள். அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாத விஷயம்.

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, ஸ்டேஷனுக்குப் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்க என்றேன். சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் கேட் பாஸ் போட்டுக் கொடுத்தார். சேதராப்பட்டில் ஒரு பஸ், பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓடிக் கடலூர் பஸ். மரப்பாலத்தில் வண்டி நின்றது. முருங்கப்பாக்கத்தில் நின்றது. அரியாங்குப்பம் பாலத்துமேல் ஊர்ந்தது. கண்டக்டரிடம் கத்தினேன். "நான் இன்னாம்மா பண்றது, பறந்தா போவ முடியும்?" என்றார் அவர். பாவம், அவர்மேல் என்ன தப்பு.

பஸ்ஸில் நான் ஜெபம் பண்ணப் பார்த்தேன். 'இயேசுவே' என்று மூச்சை இழுத்தால் பாதியில் அடைத்துக்கொண்டது. எத்தனை தியானம், எத்தனை சனிக்கிழமை, ஒன்றும் கைகொடுக்கவில்லை. இழுத்த மூச்சில் எல்லாம் ரோஸியின் குரல்தான் வந்தது. அந்த உருக்கமான குரல். பாவி, பாவி என்றுதான் வாயில் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஆண்டவர்மேலும் கோபம் வந்தது. உம்முடைய பேரைச் சொல்லித்தானே என்னை உட்கார வைத்தீர், உம்முடைய பேரைச் சொல்லித்தானே அவள் கையைப் பிடித்தேன், கடைசியில் உம்முடைய பேரைச் சொல்லியே என் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டீரே என்று கேட்டேன். பக்கத்து சீட்டு அம்மா என்னைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் கோபமும் தீர்ந்துபோய், "நான் போய்ச் சேர்றவரைக்கும் யாராவது ஒருத்தர் அவ பக்கத்துல இருக்கட்டும் ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் ஜெபம் என்னிடம் இல்லை.

தவளக்குப்பத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து பூரணாங்குப்பம் போனேன். செல்வி தெருவில் திரும்பினதும் கூட்டம் தெரிந்தது. ஐயோ என்று வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடினேன். கூட்டத்தை விலக்கிப் பார்த்தால், என் கண்ணையே நான் நம்பவில்லை.

செல்வி வீட்டு வாசலில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். படியை அடைத்து, கதவுக்கு முதுகைக் காட்டி, சம்மணம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு. வயசானவர்கள் சிலர், இளவட்டம் சிலர், ஒருத்திக்கு நிறைமாத வயிறு. ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு மட்டும் ஏறி இறங்குகிறது. முன்னால் உட்கார்ந்திருந்தவர் மதலேன் டீச்சர். பால்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தியான இல்லத்துக்கு எங்களோடு வருகிறவர், பாப்பா கல்யாணத்துக்கும் செல்வியோடு வந்தவர். அந்த ஊரில் சனிக்கிழமை தியானம் அவர் வீட்டில்தான் நடக்கும்.

மாப்பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்து கிடந்தது. கூட வந்த இரண்டு பேரும் காருக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார்கள்.

"இன்னா டீச்சர் இது? எம் பொண்டாட்டியக் கூட்டிகினு போவ வந்தா, நடுவுல ஒக்காந்துகினு நாடகம் ஆடுறீங்க?"

டீச்சர் கண்ணைத் திறந்தார். "ஜெபம் நடக்குதுப்பா. கொஞ்சம் பொறு."

"எப்ப முடியும்?"

"அது எங்க கையில இல்லப்பா. நீ கோவில்ல பாட்டு வாசிக்கிற புள்ளதான? ஒனக்குத் தெரியாததா. ஓரமா நெழல்ல நில்லு."

திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார். தெருவில் இருந்த மீன்காரப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு ஆம்பிளை தடுத்திருந்தால் அடித்திருப்பார். ஒருத்தி கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறவர்களைத் தாண்டி, நிறைமாதக்காரியை மிதித்து, ஊரே பார்க்க எப்படி உள்ளே போவது? படிவரைக்கும் வருவார், திரும்புவார், யாருக்கோ போன் போடுவார், மறுபடியும் வருவார்.

நான் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை வந்திருக்கும். கால் தானாகப் போய், பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா யாரென்றே எனக்குத் தெரியாது. கண்ணைத் திறக்காமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குவது கேட்டது. பாப்பா தட்டிக்கொடுக்கிற சத்தமும் கேட்டது. உயிரோடு இருக்கிறாள். பஸ்ஸில் வராத மூச்சு அப்போது வந்தது. இயேசுவே என்று உள்ளே போய், இரங்கும் என்று வெளியே வந்தது. அந்த வெயிலில், அந்த மனுஷன் முன்னால், என் கண்ணீர் தாரையாக ஓட, நான் தியானம் பண்ணினேன். யாராவது ஒருத்தர் அவள் பக்கத்தில் இருக்கட்டும் என்று கேட்டேன். ஆண்டவர் ஒரு வாசல் நிறைய ஆளை உட்கார வைத்திருந்தார்.

என் வீட்டுக்காரர் போலீசோடு வந்து சேர்ந்தார். அவர்கள் மாப்பிள்ளையை விசாரித்து அழைத்துப்போனார்கள். கார் தெருவைத் தாண்டிய பிறகுதான் மதலேன் டீச்சர் எழுந்தார். முட்டி பிடித்துக்கொண்டு, இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"நேத்தே அந்த மெசேஜக் கேட்டேன்மா" என்றார் அவர். "இந்த ஊர்ல சித்தி வூடுன்னா எது, புதுசா வந்த பொண்ணு யாரு, எனக்குத் தெரியாதா? யாருகிட்டயும் சொல்லல. இன்னிக்கு எங்க வூட்டுல எல்லாரும் தியானத்துக்கு ஒக்காந்துகினு இருந்தோம். கடையில ஒரு ஆளு வெசாரிக்கிறது காதுல விழுந்துச்சி. பாயச் சுருட்டுங்க, இன்னிக்கு அங்க ஒக்காருவோம்னு சொன்னேன். ஒருத்தியும் ஏன்னு கேக்கலம்மா. அதுல பாதிப் பேருக்கு எதுக்குன்னே தெரியாது."

எதற்கென்றே தெரியாமல், எழுந்து வந்து, வெயிலில் உட்கார்ந்தார்கள். பழக்கம் அப்படி. சேர்ந்து உட்கார்ந்து உட்கார்ந்து, ஒருத்தி சொன்னால் மற்றவர்கள் கேட்கிற பழக்கம். அது ஒரே நாளில் வந்ததில்லை.

இதோடு முடித்தால் நல்ல சாட்சி. நீங்களும் கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் ரோஸி மறுநாள் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"பேரு சொல்லலியேடி நானு" என்றாள்.

"ஊரச் சொன்னியே."

"நெறய பேரு ஜெபிச்சா நல்லதுன்னுதான்..."

"உங்கிட்டதான்டி சொன்னேன். ஆண்டவருகிட்ட நீ ஒருத்தி சொன்னா பத்தாதா? ஊருக்கே சொல்லணுமா?"

அவள் அழுதாள். நான் அழவில்லை. அப்புறம் அவள் ஒரு வார்த்தை சொன்னாள் பாருங்கள். "நான் அனுப்புனதாலதான டீச்சருக்குத் தெரிஞ்சுது? ஆண்டவரு என்னயும் ஒரு கருவியா..."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைக் காட்டினேன். அவள் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு எரிந்தது. யூதாஸ் கொடுத்த முத்தத்தையும் வைத்துத்தான் ஆண்டவர் உலகத்தை மீட்டார். அதற்காக யூதாஸுக்கு யாரும் மாலை போடவில்லையே. ஆண்டவர் அவருடைய வேலையைச் செய்தார். நீ உன் வாயைக் காத்திருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு.

அதற்கப்புறம் நான் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. ஈஸ்டர் பூசைக்குக்கூடக் கடைசி வரிசையில் நின்று, ஆசீர்வாதம் முடிவதற்குள் வந்துவிட்டேன். யாரைப் பார்த்தாலும், இவள் அந்த மெசேஜை யாருக்கு அனுப்பியிருப்பாள் என்றுதான் தோன்றும். வீட்டிலேயே தியானம் பண்ணிக்கொள்கிறேன், ஆண்டவர் எங்கேயும்தானே இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டேன். அறையைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். ரோஸியும் கூடவே வந்து உட்கார்ந்துவிடுவாள். அவளிடம் கேள்வி கேட்பேன், அவள் பதில் சொல்லுவாள், நான் மடக்குவேன். எழுந்திருக்கும்போது நான்தான் ஜெயித்திருப்பேன். ஜெபம் ஒரு சொட்டும் நடந்திருக்காது. மழைக்காலம் வருவதற்குள் பழைய படபடப்பு திரும்பிவிட்டது, டேப் கத்தி திரும்பவும் கீழே விழுந்தது. "யாரோட கோவிச்சிகினு நீ மூச்சு உடாம இருக்கிற?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் பெரிய தியானக்காரர் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

அடுத்த தவக்காலத்தில் பாகூருக்குத் தனியாகப் போனேன். போனைத் துணிப்பையில் போட்டுவிட்டு உள்ளே போனால், எனக்கு முன் வரிசையில் ரோஸி. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். மணி தட்டிவிட்டார்கள். உட்கார வேண்டியதாகிவிட்டது. அன்று முழுக்க நான் தியானித்தது அவளுடைய முதுகைத்தான். எவ்வளவு வைதேனோ ஆண்டவருக்குத்தான் தெரியும். மௌன தியானம் என்பதால் வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அவளுக்கு இருமல் வந்தது. அவளுக்கு இழுப்பு உண்டு, பனிக்கு ஒத்துக்கொள்ளாது. அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் குலுங்கினாள். மண்டபமே காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். நின்றுவிடட்டும், மூச்சு வந்துவிடட்டும் என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். வைதுகொண்டிருந்த வாயே அதைச் சொன்னது. என் தண்ணீர் பாட்டிலை முன்னால் தள்ளினேன். அவள் திரும்பாமலே எடுத்துக் குடித்தாள். யாருடைய பாட்டில் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மன்னித்துவிட்டாயா என்று நீங்கள் கேட்கலாம். மன்னித்துவிட்டேன் என்று இந்த மேடையில் சொன்னால் அழகாக இருக்கும். ஆனால் பொய்யாக இருக்கும். சில நாள் மன்னித்த மாதிரி இருக்கிறது, சில நாள் அந்தக் குரல் காதில் வந்து எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. அவளோடு முன்னே மாதிரி நான் பேசுவதில்லை. மனசில் உள்ளதை அவளிடம் சொல்வதில்லை. ஆனால் சனிக்கிழமை அவள் இருக்கிற அறையில் நானும் உட்காருகிறேன். தனியாக உட்கார்ந்தபோது அவள்மேல் இருந்த கசப்பு என்னைத் தின்றது. அவளோடு ஒரே அறையில் உட்காரும்போது, அது எனக்குள் இருந்தாலும், மற்றவர்கள் மூச்சும் கூடச் சேர்ந்து அதைத் தாங்கிக்கொள்கிறது. எங்கள் குழுவில் இப்போது ஜோடி ஜெபத்தில் கையை மட்டும் பிடித்துக்கொள்கிறோம், வாயைத் திறப்பதில்லை. நான்தான் கேட்டேன், சிஸ்டர் சரி என்றார். ஜெபச் சங்கிலியை ரோஸி அவளாகவே விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

பாப்பாவுக்கு நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. அவளுக்குக் கை சரியாகிவிட்டது. குழந்தை நடக்கிறது, ஓடுகிறது, என்னைப் போனில் அதட்டுகிறது. இதையெல்லாம் இங்கே சொல்ல அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். அவள் சரி என்றபிறகுதான் சொன்னேன்.

உங்களில் யாராவது தனியாக ஜெபம் பண்ண முடியாமல் தவித்தால் வந்து உட்காருங்கள். மனுஷர்களால் அடிபட்டு, இனி எந்தக் கூட்டமும் வேண்டாம் என்று இருந்தாலும் வந்து உட்காருங்கள். மனுஷர்களை நம்பச் சொல்லவில்லை நான். பாதி நம்பிக்கையோடு, முழுக் கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை. வாயைத் திறக்க வேண்டாம், உட்கார்ந்தால் போதும். மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். எனக்குப் பார்த்துக்கொண்டார்.

நான் இறங்கினதும் உங்களில் நல்ல மனசுள்ளவர்கள் என்னிடம் வந்து, பாப்பா இப்போது எங்கே இருக்கிறாள், அவளுக்காக ஜெபிக்கிறோம் என்று கேட்பீர்கள். கண்டிப்பாக ஜெபியுங்கள், தினமும் ஜெபியுங்கள். அவள் இருக்கிற இடம் ஆண்டவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய வேண்டாம்.